பொம்மைக் கிரேனில் மூன்று முறை

குதிகாலால் மூன்று மிதி. தலையைச் சாய்த்து ஒரு நொடி மௌனம். பிறகு முன்பாதத்தால் ஒரு மிதி. கிரேன் ஆடாமல் நிற்க நாலு பக்கமும் இரும்புக் கால்களை ஊன்ற வேண்டும் அல்லவா, அந்த நாலு இடத்திலும் கிரேன்காரர் இப்படி ஒரு சுற்று வருகிறார். எட்டாவது மாடிக்கு ஏற வேண்டிய இயந்திரம் லாரியில் காத்திருக்கும். என்ஜினியர் கையில் பலகை போன்ற ஒரு கம்ப்யூட்டரோடு காத்திருப்பார். மண் எவ்வளவு கெட்டி, எத்தனை டன் தாங்கும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. "ரிப்போர்ட் வந்தாச்சு ஐயா, தரை நல்லாத்தான் இருக்கு" என்பார். "உங்களுக்கு வந்தாச்சு தம்பி, எனக்கு இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த மூலைக்கு நடப்பார் கிரேன்காரர். நாலாவது மூலையின் கடைசி மிதியில் அவர் தொப்பை ஒருமுறை குலுங்கி நிற்கும் வரை அந்த இடத்தில் வேலை நடக்காது.

இதை எழுதுகிறவனுக்கு அவரை அறுபத்தேழு வருடமாகத் தெரியும். பெரும்பாலும் முகம் மழிக்கும் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறான். எழுதுகிறவன் என்றால் வாயால் சொல்கிறவன், எழுதிக்கொள்வது கைப்பேசி. அவரைப் பற்றி உயர்வாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தான். நடந்தது நடந்தபடி வந்து விழுந்துவிட்டது.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. யாராவது கேட்டால் நாலாவது என்று ஒன்று கூட்டிச் சொல்வார். பொய் என்று ஆனபிறகு பத்தாவது என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். அவருடைய அடக்கம் அவரை விடவில்லை. கிரேனுக்கு அடியில் படுத்து கிரீஸ் துடைக்க வந்தவர், கயிறு கட்டினார், கொக்கி மாட்டினார், ஒருநாள் இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்தார். இன்று மூன்று கிரேனுக்குச் சொந்தக்காரர். மூன்றையும் ஓட்ட ஆள் இருக்கிறது. ஆனாலும் பெரிய வண்டியின் இருக்கையில் வேறு யாரும் உட்கார்ந்தால், சொந்தக் கட்டிலில் விருந்தாளி படுத்தது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அவரோடு தெருவில் நடந்து போவது ஒரு தண்டனை. "இதோ, இந்தக் கட்டடத்து உச்சியில தண்ணித் தொட்டி தெரியுதா? யார் வெச்சதுன்னு நினைக்கிற?" என்பார். நாலு கட்டடம் தாண்டினால் அதே கேள்வி, அதே பதில். கல்யாணமான புதிதில் மனைவி ஆச்சரியப்பட்டாள். இப்போது அவர் வாயைத் திறக்குமுன்னே, "நீங்கதான், நீங்கதான், ரோட்டைப் பார்த்து நடங்க" என்கிறாள்.

எல்லாப் பெருமைக்கும் தாய்ப் பெருமை ஒன்று உண்டு. "நாப்பத்தி மூணு வருஷம். என் கையில ஒரு வண்டி சாஞ்சது கிடையாது. கேட்டுப் பாருங்க!" யாரிடம் கேட்பது? பக்கத்தில் நிற்கும் மச்சானிடம்தான். மனைவியின் தம்பி, கீழே நின்று கையசைத்து, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று வண்டிக்குச் சைகை கொடுப்பவர். இடது கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவருக்குக் கொக்கியில் எங்கோ அழுக்கு தெரிந்துவிடும், துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

புதிய கிரேனில் ஒரு பெட்டி இருக்கிறது. தூக்கும் எடையைக் கணக்குப் பார்த்து, அளவு மிஞ்சினால் பெண்குரலில், "எடை அதிகம், எடை அதிகம்" என்று சொல்லும். கிரேன்காரருக்கு மகன் கிடையாது. ஆனாலும் அந்தக் குரலுக்கு மருமகள் என்று பெயர் வைத்திருக்கிறார். "வந்த அன்னிக்கே குறை சொல்ல ஆரம்பிச்சிட்டா பாரு" என்று முதல் நாள் முழுக்க அதோடு சண்டை. இப்போது சமாதானம். மருமகள் ஒருநாள் வாயைத் திறக்கவில்லை என்றால் உடம்புக்கு ஏதோ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்.

கைப்பேசி விஷயம் வேறு. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் திரை அணைந்துவிடும் என்பதால் எல்லாமே குரல் செய்திதான். "வர்றேன்" என்பதைச் சொல்ல அவருக்கு நாலு நிமிடம் வேண்டும். எங்கிருந்து வருகிறார், வழியில் யாரைப் பார்த்தார், அந்த ஆளுடைய அப்பா எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அதில் வரும். மகள் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கிறாள். அப்பாவின் செய்திகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். "வேகமாப் பேசினா நீங்க ரொம்பப் புத்திசாலி மாதிரி இருக்கீங்கப்பா" என்றாள் ஒருநாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மச்சானிடம் நாலு நிமிடம் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவருக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் கிரேன் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரில் தேர்வு எழுத வேண்டும். எழுதவேண்டும் என்றால் பேனாவால் அல்ல. நிஜக் கிரேன் மாதிரியே இருக்கை, நெம்புகோல், எதிரே மூன்று பெரிய திரை. அதில் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் அதோடு சரி. அப்புறம் கிரேனைப் பார்க்கலாம், வாங்கலாம், விற்கலாம், உட்கார முடியாது.

"வயசாச்சு. வீட்டுல உட்காருங்களேன்" என்றாள் மனைவி.

"உட்கார்றதுக்கா நான் பொறந்தேன்?"

"பின்ன, கிரேன்ல என்ன நின்னுக்கிட்டா ஓட்டுறீங்க?"

மகள்தான் விண்ணப்பத்தை நிரப்பினாள். தன் கைப்பேசி எண்ணையும் அதில் கொடுத்தாள். தேர்வுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் விளக்க வகுப்பு உண்டு என்று படித்துச் சொன்னாள். "அதுக்கு மட்டும் போயிடுங்கப்பா. மெஷின்ல எது எங்க இருக்குன்னு காட்டுவாங்க."

"எனக்கு வகுப்பா? அந்த மெஷினைச் செஞ்சவன் பொறக்கிறதுக்கு முன்னாடி நான் கிரேன் ஓட்டினவன்."

"அதான் பயமா இருக்கு" என்றாள் மகள்.

தேர்வு நடக்கும் இடத்துக்கு மச்சானையும் கூட்டிக்கொண்டு போனார். வெற்றியைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டுமே. வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தைப் போட்டார், வகுப்புக்குள் போகவில்லை. வெளியே மரத்தடியில் நாலைந்து இளவட்ட ஓட்டுநர்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். இரண்டு மணி நேரமும் அவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிக் கதைகள் ஓடின. ஒரு டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்தவர்களையும் விடவில்லை. கூடவே போய்ச் சொன்னார். மச்சான் மட்டும் மெதுவாக நழுவி வகுப்பறைக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே குளுகுளுவென்று இருந்தது, அதுதான் காரணம்.

தேர்வுக்கூடம் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். கூட வந்தவர்கள் வெளியே நின்று பார்க்கலாம். மேற்பார்வைக்கு ஒரு பெண் அதிகாரி. மகள் வயது இருக்கும். பரீட்சை அம்மா என்று கிரேன்காரர் அவரை அப்போதே அழைக்க ஆரம்பித்துவிட்டார். பொம்மைக் கிரேனில் ஏறி, இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, கண்ணாடிக்கு வெளியே நின்ற இளவட்டங்களைப் பார்த்துத் தலையசைத்து, "ஆரம்பிக்கலாம்மா" என்றார். திரையில் ஒரு கட்டட வேலையிடம் விரிந்தது. செம்மண் தரை. தூக்கவேண்டிய தொட்டி தயாராகக் கொக்கியில் மாட்டியிருந்தது. வண்டி உறுமியது.

கிரேன்காரர் செம்மண்ணைப் பார்த்தார். அவ்வளவுதான். மூளையிடம் அனுமதி கேட்காமல் கால் இறங்கிவிட்டது. இருக்கையை விட்டு எழுந்து, திரைக்குப் பின்பக்கம் சுற்றி, குப்பைக்கூடை இருந்த மூலைக்குப் போய், வழவழவென்றிருந்த டைல்ஸ் தரையில் குதிகாலால் மூன்று மிதி மிதித்தார். தலையைச் சாய்த்தார். கூடம் நிசப்தமாக இருந்தது. மூன்று திரையும் சிவப்பாக மாறின. "இயக்குபவர் இருக்கையை விட்டு விலகினார். தேர்வு முடிந்தது" என்றது ஒரு பெண்குரல். மருமகளின் தங்கை போலிருக்கிறது.

மொத்தம் நாற்பது வினாடி. அதில் முப்பது வினாடி இருக்கையைச் சரிசெய்ததில் போனது.

வெளியே வந்தபோது ஒருவன், "என்ன ஐயா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

"முடிஞ்சிருச்சு தம்பி" என்றார். அது பொய்யில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே, "மெஷின் கோளாறு" என்று அறிவித்தார். ஆனால் செய்தி அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தது. மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "'இருக்கையை விட்டு விலகினார்'னு வந்திருக்கே. எங்கப்பா போனீங்க?"

"தரையைப் பார்க்கப் போனேன்."

"டைல்ஸையா?"

மனைவிக்கு அன்று சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சொன்னால் கேட்காத வாய் ஒரு பக்கம் இருக்கட்டும், சொன்னால் கேட்காத காலை இன்றுதான் பார்க்கிறேன் என்றாள். விளக்க வகுப்பின் வீடியோகூட இருக்கிறது, போட்டுக் காட்டட்டுமா என்றாள் மகள். வேண்டாம் என்றார். எதில் தோற்றோம் என்று தெரிந்துவிட்டது. எழுந்திருக்காமல் இருந்தால் போதும். அதற்கு எதற்கு வகுப்பு?

எழுந்திருக்காமல் இருக்கப் பயிற்சி தொடங்கியது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், மனைவி மேற்பார்வை. அழைப்பு மணி அடித்தது. "உட்காருங்க!" கைப்பேசி கூப்பிட்டது. "உட்காருங்க!" அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. "அதை நான் பார்த்துக்கிறேன், உட்காருங்க!" ஒரு வாரம் இப்படிப் போனது. "முப்பத்தஞ்சு வருஷத்துல இந்த மனுஷன் ஒரு இடத்துல உட்கார்ந்து நான் பேசினதைக் கேட்டது இந்த ஒரு வாரம்தான்" என்று மனைவி தம்பியிடம் சொன்னாள். "அந்தப் பரீட்சையை வருஷா வருஷம் வைக்கச் சொல்லுடா."

இரண்டாவது முறை பெருமைக் கச்சேரி இல்லை. நேராகப் போய் உட்கார்ந்தார். செம்மண் தரையைப் பார்த்தார், கால் துடித்தது, பல்லைக் கடித்தார். நெம்புகோலை இழுத்தார். தொட்டி ஒரு சாண் உயர்ந்தது. இங்கேதான் சிக்கல் வந்தது. நிஜ வண்டியில் எடை ஏறும்போது முதலில் தெரிவது கண்ணுக்கு இல்லை, உட்காரும் இடத்துக்கு. "என் பின்பக்கம்தான் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார்" என்று அடிக்கடி சொல்வார். எந்தக் கால் அமிழ்கிறது, எந்தக் கால் மிதக்கிறது என்று அந்த வாத்தியார் சொல்லிவிடுவார். பொம்மைக் கிரேனில் வாத்தியார் விடுமுறை. இருக்கை மரக்கட்டை மாதிரி கிடந்தது. திரையில் மட்டும் தொடுவானம் லேசாகச் சாய்ந்த மாதிரி தெரிந்தது. இடது பின்கால்! கிரேன்காரர் எழுந்திருக்கவில்லை. சத்தியமாக எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உடம்பில் பாதி இருக்கையில் இருந்தது. மீதிப் பாதி இல்லை.

இருக்கைக்கு அடியில் எடை பார்க்கும் கருவி இருக்கிறதாம். அதற்குப் பாதிக் கணக்கு தெரியாது. திரை சிவந்தது.

"பாதி உட்கார்ந்துதானேம்மா இருந்தேன்?" என்று கேட்டார்.

"அரை மார்க் போட மெஷின்ல வழியில்ல ஐயா" என்றார் பரீட்சை அம்மா. சிரிக்காமல் சொன்னதற்காக இவர் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

வெளியே கல் பலகையில் மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிரேன்காரர் பேசாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை என்பதால் மச்சான் கொஞ்சம் பயந்துபோனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா."

"இருந்து? தரையைப் பார்க்காம லோடு தூக்குன்னா நான் எப்படித் தூக்குவேன்? இறங்கவும் கூடாது, சாயவும் கூடாது. இதென்ன கிரேனா, பல் பிடுங்குற நாற்காலியா?"

"தரையைப் பார்க்கலாம் மாமா. வலது கைப்பக்கம் ஒரு பட்டன் இருக்கு. செருப்புப் படம் போட்டிருக்கும். அதை அமுக்கினா நாலு காலையும் ஒண்ணொண்ணாக் காட்டும். மிதிக்கிற சத்தம்கூட வருதாம்."

கிரேன்காரர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"வகுப்புல சொன்னாங்க. நான்தான் உள்ள இருந்தேனே."

"எந்த வகுப்புல? மொத நாளா? அன்னிக்கே தெரியுமா உனக்கு? ரெண்டு தடவ நான் அங்க கோமாளி வேஷம் கட்டினேன், வாயில என்னடா வெச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மச்சான் தன் இடது செருப்பைப் பார்த்துக்கொண்டு, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார்: "ஒரு தடவ சொன்னேனே மாமா, அன்னிக்கு. நீ எனக்குச் சொல்லித் தர்றியான்னு கேட்டீங்க. அதோட நிறுத்திக்கிட்டேன்."

எந்த அன்று என்று கிரேன்காரர் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருடத்துக்கு முந்தைய அன்று அது. அப்போது வண்டி சொந்தம் இல்லை, வேறொருவருடைய பழைய கிரேன். மச்சான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். இடது பின்கால் ஊன்றும் இடத்தில் கம்பியால் தட்டிப் பார்த்து, "மாமா, இங்க உள்ள ஒண்ணுமில்லாத மாதிரி சத்தம் வருது" என்றான் அந்தப் புதுப்பையன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. மண் போட்டு மூடிய பழைய குழி. தொட்டி பாதி ஏறியதும் கால் உள்ளே போனது, வண்டி சாய்ந்தது. ஓட்டியவர் குதித்துத் தப்பித்தார். சைகை கொடுத்தவன் நகர்ந்தான்; இடது பாதம் நகரவில்லை. மூன்று விரல் போயிற்று.

மருத்துவமனையில் படுத்துக்கொண்டு பொய்யைக் கண்டுபிடித்ததும் மச்சான்தான். "அக்கா மாசமா இருக்கா, பயந்துடுவா. கிடங்குக் கதவு விழுந்துச்சுன்னு சொல்லிடலாம் மாமா." வண்டியின் உரிமையாளருக்கும் காகிதங்கள் சரியில்லை, அவரும் வாயை மூடிக்கொண்டார். குழந்தை பிறந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தார் கிரேன்காரர். பிறந்தது. நடந்தது. பேசியது. அலுவலகத்துக்கே போக ஆரம்பித்துவிட்டது. அதற்குள் அந்தக் கதவுப் பொய்யின் மேல் இவர் ஒவ்வொரு மாடியாகப் பெருமையைக் கட்டிவிட்டார்; அடியில் கிடந்ததை எடுக்க வழியில்லாமல் போய்விட்டது. மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. தரையை மிதிக்காமல் அப்புறம் ஒரு லோடும் தூக்கியதில்லை. மச்சான் கை நிறுத்து என்றால், ஏன் என்று கேட்டதில்லை.

கல் பலகையிலிருந்து முதலில் எழுந்தவர் மச்சான்தான். "வாங்க மாமா, பஸ்ஸு போயிடும்" என்றார்.

மூன்றாவது முறை கிரேன்காரர் இருக்கையில் ஏறுவதற்கு முன்னால் பரீட்சை அம்மாவின் மேசைக்குப் போய் நின்றார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அம்மா, செருப்புப் படம் போட்ட பட்டன் எதுன்னு ஒரு தடவ காட்டிருங்க. நான் வகுப்புக்கு வரல" என்றார்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "வந்ததாக் கையெழுத்து இருக்கே ஐயா?"

"கையெழுத்து வந்துச்சு. நான் வரல."

இந்தத் தடவை அவர் சிரித்துவிட்டார். கூடவே வந்து, எந்தப் பட்டன் எதற்கு என்று பொறுமையாகக் காட்டினார். கிரேன்காரர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டார். வெளியே கண்ணாடிக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். நின்றால் என்ன, போனால் என்ன. உள்ளே பேசுவது அவர்கள் காதில் விழாதே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

செம்மண் தரை விரிந்தது. செருப்புப் பட்டனை அமுக்கினார். வலது முன்கால்: ணங். இடது முன்கால்: ணங். வலது பின்கால்: ணங். இடது பின்காலை அமுக்கியதும் ஒலிபெருக்கியில் பானையைத் தட்டினாற்போல் 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை எங்கே போய்ப் பிடித்தார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. வண்டியை எட்டடி முன்னால் நகர்த்தினார். மறுபடி நாலு காலையும் பார்த்தார். இரும்புத் தகடு போட்டு ஊன்றினார். தொட்டியைத் தூக்கி, சுழற்றி, பச்சைக் கட்டத்துக்குள் பஞ்சு மாதிரி இறக்கினார். திரை பச்சையானது. நூற்றுக்கு எண்பத்தொன்று. வாழ்க்கையில் வாங்கிய முதல் மார்க் என்பதால், மீதிப் பத்தொன்பது எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

கண்ணாடிக்கு வெளியே மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"முடியலை ஐயா, ஒரே ஒரு பக்கம் பாக்கி" என்று பரீட்சை அம்மா அவரை இன்னொரு மேசைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு தொடுதிரை சாய்வாக இருந்தது. எழுத்துகள் பெரிசாகத்தான் இருந்தன. ஆனாலும், "நீங்களே படிச்சிருங்கம்மா. நான் எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கு ஓய்வு வயசு வந்துடும்" என்றார். அவர் படித்தார்:

"'இதுவரை நீங்கள் இயக்கிய கிரேன் எப்போதாவது கவிழ்ந்தது உண்டா?' ஆம், இல்லை. ரெண்டுல ஒண்ணைத் தொடணும், அவ்வளவுதான்."

நாற்பத்து மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. கேட்க விட்டதில்லை, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பதிலை அவர் நாலு நிமிடத்துக்குச் சொல்லி முடித்திருப்பார். இங்கே சொல்ல இடமில்லை. இரண்டு கட்டம், ஒரு விரல்.

"ஆம்னா என்னாகும்?"

"இன்னொரு பக்கம் திறக்கும் ஐயா. எப்ப, எப்படி, யாருக்காவது அடிபட்டுச்சான்னு கேட்கும். மேலதிகாரி பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். கூப்பிட்டு விசாரிச்சாலும் விசாரிப்பாங்க. உரிமம் வரலாம், வராமலும் போகலாம்."

"எழுதுறது எல்லாம் எங்க போகும்?"

"எங்க ஆபீஸுக்கு. ஒரு காப்பி நீங்க குடுத்த நம்பருக்கு. உங்க பொண்ணு நம்பர்தானே?" என்றவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் 'இல்லை'தான் ஐயா போடுவாங்க" என்றார் மெதுவாக.

மேசைக்கு மேலே சுவரில் இருந்த பெரிய திரையிலும் அதே கேள்வி தெரிந்தது. மச்சான் பத்தாவது வரை படித்தவர். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே படித்துவிட்டார். கும்பிட்ட கை இறங்கியது. பிறகு வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேலையிடத்தில் அதற்கு ஒரே அர்த்தம். நிறுத்து. இருபது பேர் நடுவே, தாங்கிய காலோடு நின்று, ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கிரேன்காரர் 'ஆம்' எது என்று பரீட்சை அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். ஆள்காட்டி விரலை நீட்டி அதன்மேல் வைத்தார்.

திரை அசையவில்லை. இன்னும் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அதையும் அது மதிக்கவில்லை. நெம்புகோலும் இரும்புக் கயிறும் பிடித்துப் பிடித்துத் தோல் தடித்துக் காய்த்த விரல்கள். தொடுதிரைக்கு அவை விரலாகவே படவில்லை.

"சிலருக்குப் பதியாது ஐயா" என்றார் பரீட்சை அம்மா. "அவசரமில்ல. நல்லா யோசிச்சுட்டுத் தொடுங்க."

அவர் வலது கையைத் திருப்பி, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே அந்தக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இரும்பு அதிகம் படாமல் மிஞ்சியிருந்தது சுண்டுவிரல் ஒன்றுதான். அதை மட்டும் தனியாக நீட்டி, சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, மச்சானைப் பார்த்தபடியே 'ஆம்' மேல் வைத்தார்.